பதினேழாவது ஸ்டாப்

"பொய் சொன்னா கோட்டுல தெரிஞ்சுடும்" என்றாள் டீச்சர், சிவப்பு மார்க்கரின் மூடியைக் கழற்றியபடி. வெள்ளைப் பலகைக்கு முன்னால் கைகட்டி நின்றவருக்கு வயது நாற்பத்தொன்று. மாணவர் இல்லை, கணவர்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலை அவருக்கு. நாள் முழுக்க மற்றவர்களைக் கேள்வி கேட்கிறவர், வீட்டில் ஒரு கேள்விக்கும் நேராகப் பதில் சொன்னதில்லை.

டீச்சர் போட்டித் தேர்வுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். அதிலும் ஒரே வகைக் கணக்கு. ஒரு கேள்வி, இரண்டு கூற்று. விடையைக் கண்டுபிடிக்க வேண்டாம். கொடுத்த தகவல் போதுமா, போதாதா என்று மட்டும் சொல்ல வேண்டும். மாமியார் வீட்டு ஹாலில், டிவியை மறைத்து மாட்டிய பலகைக்கு முன்னால், தினமும் இருபத்திரண்டு பேர் உட்கார்ந்து "போதாது!" என்று கோரஸாகக் கத்துவார்கள்.

அந்தப் பழக்கம் சமையலறை வரை ஊறிவிட்டது. "காபிக்கு ஒரு கரண்டி சர்க்கரை போட்டா சரியா இருக்குமா?" என்று மாமியார் கேட்டால், "எந்தக் கரண்டின்னு சொல்லலையே அத்தை" என்பாள்.

நாளைக் காலை பத்து மணிக்கு வேன் வருகிறது. கணவனும் மனைவியும் தனிக்குடித்தனம் போகிறார்கள். வீடு பார்த்தது கணவர். இடத்தை மட்டும் கடைசிவரை சொல்லாமல் மழுப்பிக்கொண்டிருந்தார். டீச்சர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். மாமியார் வீட்டிலிருந்து எட்டு ஸ்டாப்பாவது தள்ளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேனில் ஏற மாட்டாள்.

மாமியார் பாவம். பிரியும் துக்கத்தை வெளியே காட்டாமல், ஒரே மத்தியானத்தில் அவர்களுடைய சாமான் மொத்தத்தையும் தானே பெட்டிகளில் அடைத்து, டேப் ஒட்டி, வாசல்வரை நகர்த்தி வைத்துவிட்டார். டீச்சரின் பல் துலக்கும் பிரஷ்கூட உள்ளே போய்விட்டது.

பலகையில் நீளமாக ஓர் எண்கோடு. வாசலில் ஓடும் ரோட்டுக்கு வளைவே கிடையாது. ஸ்டாப்புகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண்தான் பெயர். ஏழில் மாமியார் வீடு. பதினொன்றில் கண்ணாடிக் கடை.

"கூற்று ஒன்று?"

"புது வீடு என் கடையிலேருந்து கரெக்டா ஆறு ஸ்டாப்." பொய் இல்லை. மூன்று நாள் ஒத்திகை பார்த்த வாக்கியம் அது.

டீச்சர் பதினொன்றிலிருந்து வலப்பக்கம் ஆறு கோடு தாண்டினாள். பதினேழு. "அத்தை வீட்டுலேருந்து பத்து ஸ்டாப்!" அவள் முகம் மலர்ந்தது. கணவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் தொழில் புத்தி சும்மா விடுமா? மார்க்கர் இடப்பக்கமும் ஆறு தாண்டி, ஐந்தில் போய் நின்றது.

"இந்தப் பக்கம் வந்தா ரெண்டே ஸ்டாப். பத்தா, ரெண்டா? கூற்று ஒன்று மட்டும் போதாது. ரெண்டாவதைச் சொல்லுங்க."

"பெரிய பெரிய ஜன்னல். காத்து பிச்சுக்கிட்டுப் போகுது."

"கேள்விக்குச் சம்பந்தமில்லாத தகவல்."

"நாளைக்கு நேர்லயே பாக்கப்போறே, விடேன் டீச்சர்."

"கூற்று ரெண்டு!"

கணவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தூரத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது, இதமாக ஏதாவது சொல்லி ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்தார். "பஸ் மாறவே வேணாம்மா. இதே வாசல்ல ஏறினா அங்க வாசல்லயே எறங்கலாம். ஒரே பஸ்!"

டீச்சர் பதினைந்தின்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"இந்த பஸ் பதினஞ்சோட திரும்பிடும். டிரைவர் எல்லாரையும் எறக்கிவிட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவார். பதினேழுக்குப் போகணும்னா பாலத்தைத் தாண்டி வேற பஸ் பிடிக்கணும். அப்போ ரெண்டு கூற்றும் சேர்ந்தா போதும்!" வழக்கமாக அத்துடன் நிறுத்திவிடுகிறவள், அன்று முதல்முறையாக விடையையும் எழுதினாள். இரண்டு.

"நான் வேன்ல ஏற மாட்டேன். பெட்டியெல்லாம் பிரிங்க."

கணவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "ஆமா, வேணும்னேதான் எடுத்தேன். பெத்த தாயைத் தனியா விட்டுட்டுப் பத்து ஸ்டாப் தள்ளிப் போக எனக்கு மனசு வரலை!" சொல்லும்போதே அவர் கண் கலங்கியது.

சத்தம் கேட்டு மாமியார் சமையலறையிலிருந்து ஓடிவந்தார். கையில் இன்னும் டேப் சுருள் இருந்தது. "என்னடா ஆச்சு? வேன் வரலையாமா?"

"வேன் வருது. நீங்க கலங்காதீங்கம்மா. புது வீடு அஞ்சாவது ஸ்டாப்ல, இங்கேருந்து ரெண்டே ஸ்டாப்தான். இவகிட்ட சொல்லாம உங்களுக்காகவே பார்த்தேன்."

மாமியார் பலகையைப் பார்த்தார். ஏழைப் பார்த்தார், ஐந்தைப் பார்த்தார், நடுவில் இருந்த ஆறையும் பார்த்தார். அப்படியே ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

மகன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சருக்கே தன்னை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

"அடப்பாவி, ரெண்டு ஸ்டாப்னா நடந்தே வந்துடுவீங்களேடா!"