பத்து மீற்றருக்குள்

"ஒருத்தரும் இறங்காதேங்கோ! என்ர போனைக் காணேல்ல!"

நேசமலர் போட்ட கூச்சலில் வவுனியாவுக்குப் போய்க்கொண்டிருந்த பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ரிக்கெற் எடுத்தபோது கைப்பையில் இருந்த போன், இப்போது இல்லை.

கொண்டக்டர் தன் போனிலிருந்து அடித்துப் பார்த்தான். "ஓஃப் பண்ணிப்போட்டாங்களம்மா."

"ஐயோ, அதுக்குள்ளதான் பிள்ளையின்ர புது நம்பர் இருக்கு. குவைத்தில வீடு மாறிப்போனவள். அவளுக்கும் என்ர நம்பரை விட்டா வேற நம்பர் தெரியாது!"

போன் தொலைந்தால் தொலையட்டும். மகள் சுதாஜினியின் குரலை இனி எங்கே போய்த் தேடுவது? இன்னும் பத்து நிமிடத்தில் இராணுவத்தின் செக்கிங் வேறு வந்துவிடும். எல்லோரும் இறங்கி நடக்க, எடுத்தவன் கூட்டத்தோடு கூட்டமாய்க் கழன்றுவிடுவான்.

"அழாதீங்கோ அக்கா. நான் எடுத்துத் தாறன்."

பக்கத்து சீற்றில் இருந்த கைருன்னிஸா எழுந்தாள். பையிலிருந்து விரல் நீளத்தில் ஒரு கறுப்புச் சாமானை எடுத்து, முக்காட்டை ஒதுக்கிக் காதில் கொழுவினாள். அது நீல நிறத்தில் மின்னி மின்னி அணைந்தது. அந்த பஸ்ஸில் அப்படியொன்றை யாரும் கண்டதில்லை.

"என்ன தங்கச்சி இது?"

"புளூடூத், அக்கா. வயரே தேவையில்ல. பத்து மீற்றருக்குள்ள எந்தப் போன் இருந்தாலும் பிடிச்சிடும்."

"ஓஃப் பண்ணின போனையுமோ?" கொண்டக்டர் இழுத்தான்.

"ஓஃப் பண்ணினாத்தான் இன்னும் வடிவாப் பிடிக்கும்!"

அவள் சொன்ன விதத்தில் கொண்டக்டரே வழிவிட்டு ஒதுங்கினான். கைருன்னிஸா ஒவ்வொரு சீற்றடியிலும் நின்று, தலையைச் சரித்து, கண்ணை மூடிக் கேட்டாள்.

"இங்க இல்ல... இங்கயும் இல்ல... ஆ, சத்தம் வருது. கூடுது. கிட்ட வந்திட்டன்."

கதவோரம் இருந்த முழுக்கைச் சட்டைக்காரருக்கு அந்த நேரம் பார்த்து வெளியே வயல் பார்க்கும் ஆசை வந்தது.

"ஆரெண்டு தெரிஞ்சுபோச்சு," என்றாள் கைருன்னிஸா. "ஆளைக் காட்டி மானத்தை வாங்க எனக்கு விருப்பமில்ல. திரும்பி நிண்டு பத்து வரைக்கும் எண்ணுறன். போன் கீழ கிடக்கவேணும். இல்லாட்டி செக்கிங்கில வச்சுச் சொல்லுவன்."

ஏழு எண்ணவில்லை, 'டொக்' என்றது.

"அட, இந்தா சீற்றுக்குக் கீழ ஒரு போன் கிடக்குது!" என்று முதலில் கத்தியவர் முழுக்கைச் சட்டைக்காரர்தான். செக்கிங் வந்ததும் முதலில் இறங்கி நடந்தவரும் அவர்தான்.

நேசமலர் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஓன் பண்ணிப் பார்த்தாள். மகளின் நம்பர் பத்திரமாக இருந்தது. அழுகையும் சிரிப்புமாய்க் கைருன்னிஸாவின் கையைப் பிடித்தாள்.

"உங்கட நம்பரைத் தாங்கோ தங்கச்சி. என்ர பிள்ளையும் உங்களோட ஒருக்காக் கதைக்கவேணும்."

கைருன்னிஸா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தாள்.

"எனக்கு எங்கால போன், அக்கா? மகன் கட்டாரில இருந்து முதல்ல இதைத்தான் அனுப்பினவன். போன் அடுத்த மாசம்தான் வருமாம். அதுவரைக்கும் இது சும்மா மின்னுமே தவிர, ஒண்டும் கேக்காதாம்."