கோணல் வெல்டிங்

"அக்கா, இந்தத் தடவையாவது கேமராவைப் பாக்காதீங்க" என்றார் டைரக்டர், கையெடுத்துக் கும்பிடாத குறையாக.

பட்டறைக் கதவை மறுபடியும் சாத்தினார்கள்.

வெல்டர் அக்கா மேஜைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கதவு தட்டும் சத்தம் கேட்கும். கரடி என்று பட்டப்பெயர் வாங்கிய அவளுடைய பழைய சிஷ்யன் உள்ளே வருவான். "என்னை ஞாபகம் இருக்கா அக்கா?" என்பான். அவள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும். ஆவணப்படத்துக்கு அது ஒன்றுதான் பாக்கி.

சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தொழில் பழக அவளிடம் அனுப்பிய பையன் அவன். போன இடமெல்லாம் அடிதடி. பகலெல்லாம் ஒழுங்காக வெல்டிங் வைப்பான். சாயங்காலம் பள்ளி வேன் வந்து ஹாரன் அடித்ததும் கடைசி ஜாயிண்டைக் கோணலாக்கி வைப்பான். அதைக் கிரைண்டரில் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். அதுவரை வேன் காத்துக் கிடக்கும்.

"உனக்கு இந்த ஜென்மத்துல வெல்டிங் வராதுடா" என்று தினமும் திட்டுவாள்.

போனவன் போனவன்தான். எட்டு வருடம் ஓடிவிட்டது. இப்போது கப்பல் கட்டும் இடத்தில் வேலையாம். படக்காரர்கள்தான் தேடிப்பிடித்துக் கூட்டி வந்திருக்கிறார்கள். முடிந்ததும் கையோடு திருப்பிக் கொண்டுபோய் விடுவார்களாம். வாசலில் அவர்களுடைய வேன் இப்போதே திரும்பி நிற்கிறது.

முதல் தடவை அவள் இருமினாள். அடுத்த தடவை சுத்தியலைக் கீழே போட்டாள். அப்புறம் கேமராவைப் பார்த்துத் தொலைத்தாள்.

எல்லாம் வேண்டுமென்றுதான். கெடுத்தால்தானே அவன் மறுபடியும் வருவான்.

பேச வண்டி வண்டியாக இருந்தது.

ஆனால் எவ்வளவு நேரம் இழுப்பது? லைட் பிடித்திருந்த பையன் கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான். பாவம், அவனும் ஒருத்தி பெற்ற பிள்ளை. இந்தத் தடவை ஒழுங்காகச் செய்து அனுப்பிவிடுவது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

கரடி வந்தான். அத்தனை தாடிக்குள்ளும் அதே மிரண்ட கண்கள். "என்னை ஞாபகம் இருக்கா அக்கா?"

அவள் இருமவில்லை. எதையும் கீழே போடவில்லை. கைகளை விரித்துக்கொண்டு நாலடி நடந்தாள்.

அவன் அவளையே பார்த்தான். பிறகு, நிதானமாகத் தலையைத் திருப்பிக் கேமராவைப் பார்த்தான்.

"அடடா. சாரி சார், தப்பாப் போச்சு. இன்னொரு தடவை வர்றேன்."

டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கரடி வெளியே போனான். கதவைச் சாத்தினார்கள்.

வாசலில் வேன்காரர் பொறுமையிழந்து ஹாரன் அடித்தார்.

விரித்த கைகளோடு பட்டறை நடுவே நின்றிருந்த அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவனுக்கு அன்றைக்கே வெல்டிங் நன்றாக வந்திருக்கிறது.