படுக்க முதல்

குசினி வாசலில் அம்மா எமிலி, கதிரையில் மகன் டிலோன், மேசையில் பேனையோடு அவன் அக்கா அன்ரனிட்டா. டிலோனுக்கு அடுத்த மாதம் கலியாணம். கன்னத்துக் கரும்புள்ளிகள் மங்குவதற்கு டொக்டர் தந்த மருந்தைப் பூசியும் அவை முந்தியதைவிடக் கறுத்துப் போயிருந்தன. டொக்டர் மேல் முறைப்பாடு எழுதத்தான் கூடியிருந்தார்கள்.

“வடிவா எழுது பிள்ளை, மாப்பிள்ளையைக் கருவாடாக்கிப் போட்டாரெண்டு,” என்றாள் எமிலி.

அன்ரனிட்டா எதையும் கேட்டறிந்துதான் எழுதுவாள். “புள்ளியிலை மட்டுந்தானே பூசினனீ?”

“ஓம், மெல்லிசா.”

“எப்ப?”

“படுக்க முதல். அவர் சொன்னபடிதான்.”

“வெயில் படக்கூடாதெண்டவரெல்லே?”

“நித்திரையிலை என்ன வெயில்?”

ஒன்றும் விளங்காமல் அவள் பேனையைக் கடித்தாள். “எங்கை படுக்கிறனீ?”

“கரையிலைதான், வள்ளத்துக்குப் பக்கத்திலை. விடியக் கடலாலை வந்து வேறை எங்கை படுக்கிறது?”

இரவெல்லாம் கடலில் நிற்பவன் படுப்பது காலை வெயிலில். அவன் இரவில் தொழிலுக்குப் போவது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான், டொக்டருக்குத்தான் தெரியாது.

அன்ரனிட்டா தாளைக் கிழித்தாள். மருந்தை அலுமாரியில் பூட்டினாள். “பதில் வருமட்டும் பூசாதை.”

புதுத் தாளில் டொக்டருக்கு எழுதினாள்: ‘ஐயா, இரவில் தொழிலுக்குப் போகிறவர் இதை எப்போது பூசுவது?’

உறையை ஒட்டினாள். கடிதம் டொக்டர் இருக்கும் அக்கரைக்குப் போகும் பின்னேரப் படகில் ஏறியது.