கல்லறைக்கு வந்த வெயில்

பழங்காலக் கல்லறை ஒன்றின் வாசலுக்கு மேலே சின்னத் துளை இருந்தது. ஒரு சிலந்தி அதை அடைத்து வலை பின்னியிருந்தது.

“நாளைக்கு மட்டும் வலையை எடுத்துடேன்,” என்று கெஞ்சியது சுவர்க்கல். “வருஷத்துலேயே பகல் ரொம்பக் குறைஞ்ச நாள். அன்னைக்குத்தான் வெயில் உள்ளே வரும்.”

“செத்தவங்களைப் பார்க்க வெயில் வருதாக்கும்! சும்மா கிட.”

விடிந்தது. துளை வழியே நுழைந்த வெயில் நீண்ட பாதையில் மெல்ல ஊர்ந்து, கடைசி அறையில் கிடந்த எலும்புகளைத் தொட்டது. இருட்டறை முழுக்கப் பொன்னாகச் சிவந்தது. மூலையில் சிலந்தி அசையாமல் நின்றது. எலும்புகள் மேல் அதன் வலையின் நிழல் விழுந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் வெயில் போய்விட்டது.

“மறுபடி எப்ப வரும்?” என்று கேட்டது சிலந்தி.

“அடுத்த வருஷம், இதே நாள்.”

“அதுவரைக்கும் நான் இருக்க மாட்டேனே.”

சிலந்தி துளைக்கு ஏறிப்போய், இழைகளை ஒவ்வொன்றாக அறுக்கத் தொடங்கியது.