எட்டாவது பெயர்

"அந்த அஞ்சலைக்கு மட்டும் எப்படிங்க மானியம் கிடைச்சது?"

ரசத்தை ஊற்றிக்கொண்டே பூங்காவனம் கேட்டாள். அவள் கணவன், கிடங்கு மேஸ்திரி தேவதாஸ், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"எந்த அஞ்சலை?"

"தெங்கேராக்காரி. ஒரு ஏக்கர் கிழட்டுப் பால் மரத்தை வெட்டிட்டு புது ரப்பர் கன்னு நடுறாளாம். அதுக்கு கவர்மெண்டு ஒட்டுக்கன்னு, உரமூட்டை, கையில ரொக்கம் எல்லாம் குடுத்திருக்கு. நேத்து பாசார்ல பார்த்தேன், கழுத்துல புதுச் சங்கிலி!"

"கிடைச்சவ வாங்கிட்டுப் போறா. உனக்கேன் வயித்தெரிச்சல்?"

"ஆமா, எரியுதுதான்" என்றாள் பூங்காவனம். "எரியாம என்ன செய்யும்?"

அன்றிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை. குழாயடியிலும் கோயிலிலும் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். மானியம் யார் யாருக்குப் போயிற்று என்று சர்க்கார் ஊரறியச் சொல்ல வேண்டும். விண்ணப்பம் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த சின்ன நிலக்காரர்களுக்கும் மானியம் எங்கே போகிறது என்ற சந்தேகம் இருந்தது. பள்ளிக்கூட வாத்தியார் பொன்னுதுரை மனு எழுதிக் கொடுத்தார். பூங்காவனம் வீடு வீடாக ஏறி முப்பத்தேழு பேரிடம் கைநாட்டு வாங்கிவிட்டாள்.

"பொம்பளைக்கு இதெல்லாம் தேவையா? ஊரே சிரிக்குது!" என்று தேவதாஸ் கத்தினான்.

"மெர்டேக்கா, சுதந்திரம்னு கேட்கிற ஊர்ல நாலு பேரோட பேரைக் கேட்கக் கூடாதா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர்கள் குடியிருந்த காஜா பேராங்கின் கோயில் மண்டபத்துக்கு, மனுவுக்குப் பதிலாக, நில ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியே பட்டியலோடு வந்து சேர்ந்தார். "நீங்களும் வாங்க. நான் தனியாப் போனா ஊர் இன்னும் சிரிக்கும்" என்று பூங்காவனம் கணவனையும் இழுத்து வந்திருந்தாள். அவன் தூணோரமாக நின்றான்.

"பட்டியலைச் சுவர்ல ஒட்டிடறேன். அவங்கவங்க பார்த்துக்கலாம்" என்றார் கிராணி.

"எங்கள்ல பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாதுங்க. சத்தமாப் படிங்க." என்றாள் பூங்காவனம்.

கிராணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எட்டாவது பெயர் வந்தது.

"அஞ்சலை. தெங்கேரா. ஒரு ஏக்கர்."

"புருஷன் பேரும் போட்டிருக்குமே ஐயா? அதையும் படிங்க."

கிராணி காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"புருஷன் பேரு... தேவதாஸ். கிடங்கு மேஸ்திரி. விலாசம், காஜா பேராங்."

மண்டபமே தூண் பக்கம் திரும்பியது. தேவதாஸ் தரையைப் பார்த்தபடி நின்றான்.

கிராணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பட்டியலைப் புரட்டிக்கொண்டே, "உங்க விண்ணப்பம் எந்த நிலத்துக்கும்மா? அதையும் பார்த்துச் சொல்லிடறேன்" என்றார்.

பூங்காவனம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எனக்குக் காணி நிலம்கூட இல்லைங்க. அப்படி ஒருத்தியே இல்லைன்னு மூணு வருஷமா சாமி மேல சத்தியம் பண்ணினாரு இவரு. ஊர் முன்னால உண்மையைச் சர்க்கார் வாயால கேட்கத்தான் இந்தப் பாடு பட்டேன்."