விமானத்தில் ஒரு விரிசல்

எங்கள் ஊர் லாரி முதலாளி கங்காதரன், டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விட ஒரு பழைய சின்ன ஜெட் விமானம் வாங்கக் கிளம்பினார். விமான மெக்கானிக்கான என்னையும் மீனம்பாக்கத்துக்குக் கூட்டிப்போனார்.

"எஞ்சின் தகட்டில் விரிசல் இருக்கு" என்றேன்.

விற்க வந்த மில் முதலாளி வெளுத்துப்போனார். பாதி விலைக்குச் சம்மதித்தார்.

பத்து வருஷமாக அந்த விமானத்தைப் பராமரித்த பூவராகவன் டார்ச் அடித்துத் தேடினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பக்கூட என் கண்ணுக்குத் தெரியல நைனா. எத்தினி உசுரு போயிருக்கும்! இனிமே பிளேனைத் தொடமாட்டேன். சொந்த ஊரு படாளத்துக்கே போயிடறேன்."

ஸ்பானர் பையை வைத்துவிட்டு நடந்தார்.

கங்காதரன் என் முதுகில் தட்டினார். "இல்லாத விரிசலை இன்னாமா அட்ச்சுவுட்ட!"

வாசலில் பூவராகவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை.