இரண்டாவது ரிமோட்

நாமக்கல்லில் கோழித்தீவன மென்பொருள் எழுதும் அலுவலகம் அது. மலர்விழி சேரும்வரை மதியழகன் ஒருவன்தான் அங்கே உட்கார்ந்திருந்தான். அவன் எழுதும் நிரலைச் சேலத்திலிருந்து தஸ்னீம் என்ற ஊழியர் திருத்தி, குறிப்பு எழுதி அனுப்புவதாகச் சொன்னான்.

குறிப்புகளைப் படித்து மலர்விழி சிரித்தாள். "ஏனுங்க, 'கோழி கிளறினாக்கூட இதைவிட ஒழுங்கா இருக்கும்'னு எழுதியிருக்காங்க!"

"அதுக்கு வாய் சாஸ்திங்க."

"ஒரு நாள் வரச் சொல்லுங்க, பாக்கோணும்."

"சொல்றேனுங்க" என்றவன் டீ வாங்கப் போனான்.

எழுதிய நிரலைப் பொதுச் சேமிப்பிடத்துக்கு அனுப்பும் 'ரிமோட்' என்ற முகவரியைக் குறித்துக்கொள்ள அவன் கணினியைப் பார்த்தாள். ஒன்றுக்கு இரண்டாக இருந்தன. இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போயின. ஒன்று அவன் பெயரில், மற்றது தஸ்னீம் பெயரில். தஸ்னீமின் திருத்தங்கள் எல்லாம் இந்தக் கணினியிலிருந்தே போயிருந்தன.

டீயோடு வந்தவன் திரையைப் பார்த்தான்.

"தஸ்னீம் வேலையை உட்டுப் போயி மூணு வருசமாச்சுங்க. ரெண்டாவது ஆள் பார்க்காம நிரலை சிஸ்டம் ஏத்துக்காது. முதலாளி வேற ஆளே போடலைங்க."

"சரிங்க. அப்ப உங்களையே நீங்க திட்டிக்கிட்டது எதுக்குங்க?"

அவன் டீயை நீட்டினான்.

அன்று மாலை இரண்டாவது முகவரியை அழித்துவிட்டான். அதற்குமுன் மலர்விழியின் முதல் நிரலுக்குத் தஸ்னீமின் கடைசிக் குறிப்பு வந்திருந்தது:

"நல்லா இருக்குங்க. இனி அவனைத் திட்டுறது உங்க வேலை. நான் போயிட்டு வாரேன்."